கிட்டங்கிக்குள் கடல்

ஃபோர்ட் கொச்சியில் படகை விட்டு இறங்கித் தண்ணீரை ஒட்டிய தெருவில் நடந்தால், பாசி பிடித்த நீண்ட மதில் ஒன்று வரும். உள்ளே ஓட்டுக்கூரை போட்ட கட்டடங்கள், நடுவே பெரிய முற்றம், அதைத் தாண்டினால் காயல். இதுதான் ஆஸ்பின்வால் ஹவுஸ். ஜான் ஆஸ்பின்வால் என்ற ஆங்கில வணிகர் 1867இல் தொடங்கிய கம்பெனியின் இடம். தேங்காயெண்ணெய், மிளகு, மரம், இஞ்சிப்புல் தைலம், மஞ்சள், தோல் என்று ஆரம்பித்து, பிறகு கயிறு, காப்பி, தேயிலை, ரப்பர் வரை இங்கிருந்து கப்பலேறியது. சரக்குப் போக்குவரத்து இடம் மாறிப்போன பிறகு அறைகள் காலியாகக் கிடந்தன. 2012 டிசம்பர் 12ஆம் தேதி, போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் முன்னின்று தொடங்கிய கொச்சி முசிறி பினாலே என்ற, இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சி இந்த அறைகளைத் திறந்து கலைஞர்களுக்குக் கொடுத்தது.

அதன் மூன்றாவது பதிப்பை 2017 பிப்ரவரியில் என் சித்தப்பாவோடு போய்ப் பார்த்தேன். அந்த நாளைப் பற்றி எழுத வேண்டும் என்று பல காலமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அன்று பார்த்த படைப்புகளைப் பற்றி நிறையப் பேர் நன்றாக எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது, நவீன ஓவியம் என்றாலே கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கிப்போகும் ஒரு மனிதருக்கு அந்த இடம் எப்படித் திறந்துகொண்டது என்பதை.

சித்தப்பா தூத்துக்குடிக்காரர். உப்பும் பனந்தும்பும் அவுரி இலையும் ஏற்றுமதி செய்த ஒரு கம்பெனியின் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். மூட்டை எண்ணியே கழிந்த வாழ்க்கை என்று அவரே சொல்லுவார். கோவையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவரை, “கொச்சி வரைக்கும் போயிட்டு வரலாம், துறைமுகம் பாக்கலாம்” என்று சொல்லித்தான் விடியற்கால ரயிலில் ஏற்றினேன். பினாலே என்ற வார்த்தையை நான் வாயில் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் வந்திருக்க மாட்டார்.

எர்ணாகுளம் படகுத்துறையில் அரசுப் படகு. கட்டணம் சில்லறைக் காசுதான். இருபது நிமிடப் பயணத்தில் ஒரு துறைமுகத்தின் வரலாறு முழுக்கக் கண்முன்னால் ஓடிவிடும், யாராவது சொல்லிக்கொண்டு வந்தால். ஒரு பக்கம் வில்லிங்டன் தீவு. ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் 1920இல் இங்கே வந்து, கடல்வாயை அடைத்துக் கிடந்த மணல்திட்டை வெட்டி, தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய தீவு அது. 1928 மே மாதம் ‘பத்மா’ என்ற கப்பல் முதன்முதலாக உள்ளே வந்தது. மறுபக்கம் வல்லார்பாடம் கண்டெய்னர் முனையத்தின் பாரந்தூக்கிகள். சித்தப்பா தீவைவிட பாரந்தூக்கிகளைத்தான் அதிக நேரம் பார்த்தார். “ஆளே இல்ல பாத்தியால” என்றார். கண்டெய்னர் வந்த பிறகு லோடுமேன்களின் கூட்டம் எப்படிக் கரைந்தது என்பதைத் தன் ஊரில் நேராகப் பார்த்தவர்.

ஆஸ்பின்வால் வாசலில் நூறு ரூபாய்ச் சீட்டு. “எதுக்குல சீட்டு? கிட்டங்கிதான இது?” என்றவருக்கு, உள்ளே படம் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. கட்டடத்தைப் பார்க்க ஆரம்பித்தார். உத்திரத்தில் கப்பி தொங்கியிருக்க வேண்டிய இடம், ஈரம் ஏறாமல் மூட்டையைப் பலகைமேல் அடுக்கியதால் சுவரில் ஓர் உயரத்தில் ஓடும் கறை, காயல் பக்கம் அகன்ற கதவு, தெருப் பக்கம் ஒடுங்கிய கதவு. “சரக்கு தெருவழியா வந்து தண்ணிவழியா போயிருக்கு. இந்தக் கதவு வள்ளத்துக்கு. அங்கன நிக்கவன்தான் கணக்கன்” என்று ஒரு மூலையைக் காட்டினார். எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றை அவர் சொல்ல, நான் கேட்டுக்கொண்டே நடந்தேன். முதல் அரைமணி நேரத்தில் எங்கள் இருவரில் அதிகம் தெரிந்தவர் அவராகத்தான் இருந்தார். பிறகு அவர் படைப்புகளைப் பார்க்கத் தொடங்கியபோதும் அந்தத் தைரியம் அவரை விட்டுப் போகவில்லை. ஏசி போட்ட வெள்ளைச் சுவர்க் கூடத்தில் இது நடந்திருக்காது என்று நிச்சயமாக நம்புகிறேன்.

சில அறைகளை வேகமாகக் கடந்தோம். சுவரில் ஒட்டியிருந்த விளக்கக் குறிப்புகளின் ஆங்கிலம் படிப்பவரை உள்ளே அழைப்பதாக இல்லை. நல்ல படைப்புக்குப் பக்கத்தில் இப்படி ஒரு வேலியைப் போடுவது ஏன் என்று அன்றும் வருத்தமாக இருந்தது, இன்றும் இருக்கிறது. முற்றத்தில் ஸ்லோவேனியக் கவிஞர் அலெஷ் ஷ்தேகர் எழுப்பியிருந்த பிரமிடு நின்றது. வெளியே வரட்டி அப்பிய சுவர், உள்ளே கும்மிருட்டில் வளைந்து போகும் பாதை. ஓவிட் முதல் மஹ்மூத் தர்வீஷ் வரை நாடு கடத்தப்பட்ட, ஊரை விட்டு ஓட்டப்பட்ட கவிஞர்களின் வரிகள் இருட்டுக்குள் ஒலித்துக்கொண்டிருந்தன. மொழி புரியவில்லை என்றாலும் குரல் புரிந்தது. பத்தாண்டு புதுச்சேரியில் ஒதுங்கிக் கிடந்த பாரதியின் குரலுக்கும் உள்ளே ஓர் இடம் உண்டு என்று நினைத்துக்கொண்டேன். சித்தப்பா சுவரோரமாகத் தடவித் தடவி வெளியே வந்து, “வரட்டி நல்லா காஞ்சிருக்கு” என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் அந்த நீண்ட கிட்டங்கி.

வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் தரை இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தண்ணீர். கடல்நீர், முழங்காலளவு. வெளிச்சம் கம்மி. பக்கச் சுவர்களில் பெரிய துணிகளில் சில வரிகள், தொலைவில் எதிர்ச்சுவரில் ஏதோ நீளமாக எழுதியிருப்பது மங்கலாகத் தெரிகிறது. அதைப் படிக்க வேண்டும் என்றால் தண்ணீரில் இறங்கி நடந்தே ஆகவேண்டும். சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டாவின் ‘வலியின் கடல்’ இதுதான்.

எனக்கு முன்னால் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டி இறங்கிவிட்டார். நான் பேண்ட்டைச் சுருட்டுவதற்குள் நாலடி போய், குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். “உப்புத் தண்ணிதாம்ல. ஆனா மூணு டிகிரி இருக்காது. ஆத்துத் தண்ணி கலந்திருக்கு.” உப்பளத்தில் தண்ணீரின் கனத்தை டிகிரியில்தான் சொல்வார்கள். கடல்நீர் மூன்று, மூன்றரை. வெயிலில் வற்றி வற்றி இருபத்தைந்தைத் தொடும்போது பாத்தியில் உப்பு விளையும். அந்த அளவுமானி கையில் இல்லாமலே அவர் நாக்கு சொன்னது.

நடந்தோம். தண்ணீருக்குள் வேகமாக நடக்க முடியாது. முன்னால் போகிறவர் கிளப்பும் அலை நம் காலில் வந்து மோதும். நம்முடையது பின்னால் வருகிறவரைப் போய்த் தொடும். சுவரின் வரிகளை ஒவ்வொன்றாகத் தாண்டினோம். நீங்கள் கேட்கவில்லையா, பார்க்கவில்லையா, என் குரல் எட்டவில்லையா, என்னைக் காணவில்லையா, இனி ஒருபோதும் வரமாட்டீர்களா இந்த வலியின் கடலுக்கு. கேட்பது யார் என்று எங்கும் எழுதியில்லை. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தண்ணீரின் சளசளப்பு மட்டும் ஓட்டில் பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.

எதிர்ச்சுவரில் ஒரு குழந்தையின் பெயர். காலிப் குர்தி. 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் குப்புறக் கிடந்த, சிவப்புச் சட்டை போட்ட சின்னக் குழந்தையின் படத்தை உலகமே பார்த்தது. அது ஆலன், சிரியப் போருக்குத் தப்பி ஓடிவந்த குடும்பத்துப் பிள்ளை. அதே ரப்பர்ப் படகில் வந்து அதே இரவில் மூழ்கியவன் அவன் அண்ணன் காலிப். ஐந்து வயது. அவர்களுடைய தாயும் போய்விட்டாள். காலிப் இறந்து கிடந்த படம் உலகத்துக்குக் கிடைக்கவில்லை. படம் இல்லாத அந்தப் பிள்ளைக்காகத்தான் சூரிட்டா இதைச் செய்தார். நான் அவனுடைய தந்தை இல்லை, ஆனால் காலிப் குர்தி என் மகன் என்று அந்தச் சுவர் முடிகிறது.

நான் தமிழில் சொல்லச் சொல்ல சித்தப்பா கேட்டுக்கொண்டு நின்றார். “இந்தப் பெரியவன் போட்டோ வரலியா?”

“வரல சித்தப்பா. தம்பி போட்டோதான் எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சு.”

“நம்ம ஊர்லயும் அப்படித்தான். கரை ஒதுங்குனவன் பேருதான் பேப்பர்ல வரும்.”

தோணி ஏறிப் போய்த் திரும்பாதவர்களை அவருக்குத் தெரியும். தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போனவை. ஆள் போனதும் சரக்கு போனதும் ஒரே பேரேட்டில் பதிவாகும். அந்தப் பேரேட்டை எழுதியவர் இவர். அதற்குமேல் அவர் எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பி அதே தண்ணீரில் அதே தூரம் நடக்க வேண்டும். வந்ததைவிடத் திரும்புவது கடினமாக இருந்தது. காரணம், இப்போது எதிரே வருகிறவர்களின் முகம் தெரிகிறது. அவர்கள் இன்னும் அந்தச் சுவரைப் படிக்காதவர்கள்.

வெளியே திண்ணையில் கால் காயும் வரை உட்கார்ந்தபோது சூரிட்டாவைப் பற்றிச் சொன்னேன். 1973 செப்டம்பர் 11, சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த அன்று காலையிலேயே வால்பரைசோ துறைமுக நகரில் பிடிபட்டவர். அவரையும் நூற்றுக்கணக்கானவர்களையும் ‘மைப்போ’ என்ற சரக்குக் கப்பலின் அடித்தளத்தில் அடைத்துப்போட்டார்கள். அந்த ஆட்சி கொன்றவர்களில் பலரைக் கடலில் வீசியது. உடல் கிடைக்காத சாவு என்றால் என்ன என்று சூரிட்டாவுக்கு நாற்பதாண்டுகளாகத் தெரியும். சித்தப்பா, “கப்பல் அடியில கெடந்தவனா” என்று ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். அவரைப் பொறுத்தவரை அதுதான் அந்தக் கவிஞருக்கான சான்றிதழ்.

அந்த அறையில் இருந்தது தண்ணீரும் சில வரிகளும் மட்டும்தான். அதே தண்ணீர் பத்தடி தள்ளிச் சுவருக்கு வெளியேயும் கிடக்கிறது. முந்தைய பதிப்பில், 2014இல், அனிஷ் கபூர் இதே வளாகத்தின் தரையில் ஒரு கருஞ்சுழியைச் சுழலவிட்டிருந்தார். சன்னலுக்கு வெளியே கடல், உள்ளே சுழி. 2012இல் விவான் சுந்தரம் பட்டணம் என்ற ஊரின் அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளைக் கொண்டே ஒரு நகரத்தைத் தரையில் பரப்பி, இடையிடையே மிளகைக் கொட்டியிருந்தார். பினாலேயின் பெயரிலேயே இருக்கும் முசிறிதான் அந்த நகரம். “பொன்னொடு வந்து கறியொடு பெயரும்” என்று யவனர் மரக்கலத்தை அகநானூற்றில் பாடிய எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் காட்டும் சேரர் துறை. 1341இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் அந்தத் துறையைத் தூர்த்து, தெற்கே கொச்சிக்கு வாயைத் திறந்துவிட்டது என்று சொல்வார்கள். ஒரு துறைமுகம் செத்து இன்னொன்று பிறந்த ஊர். இங்கே தண்ணீரைத் தொடாமல் கலைஞர் எதைச் செய்தாலும் கொஞ்சம் அந்நியமாகத்தான் படுகிறது.

அடுத்து நாங்கள் நெடுநேரம் நின்றது ஒரு சுவரோவியத்தின் முன்னால். பி.கே. சதானந்தன் கேரளக் கோயில் ஓவிய மரபில், உதவியாளர்களோடு, பார்வையாளர் முன்னாலேயே வரைந்துகொண்டிருந்தார். கண்காட்சி நடக்கும் மாதங்கள் முழுக்க ஓவியம் வளர்ந்துகொண்டே போகும் ஏற்பாடு. நாங்கள் போனபோது ஒரு பக்கம் நிறம் ஏறி முடிந்திருந்தது. இன்னொரு பக்கம் கோடு மட்டும். கல்லை அரைத்த காவியும் மஞ்சளும், விளக்குக் கரியில் எடுத்த கருப்பு, இலைச்சாற்று நீலம். நீலம் எடுப்பது நீலயமரியிலிருந்து என்று தெரிந்ததும் சித்தப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. நாம் அவுரி என்று சொல்வதும் அந்தச் செடியைத்தான். ஆனால் சித்தப்பா மூட்டை மூட்டையாக அனுப்பியது மலச்சிக்கலுக்கு மருந்தாகும் நிலாவாரை. அதையும் எங்கள் பக்கம் அவுரி என்றே சொல்வார்கள். இரண்டும் வேறு வேறு என்று எனக்கு விளக்கினார். மிக மெல்லிய தூரிகை. ஒரு விரல் நகத்துக்கு மட்டும் ஓர் உதவியாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு தடவை கை ஓட்டினார். கோடு தடிக்கவில்லை.

வரைந்திருந்தது ‘பறயி பெற்ற பந்திருகுலம்’ கதை. வரருசி என்ற பிராமணருக்கும் பறையர் குலத்துப் பெண்ணுக்கும் பிறந்த பன்னிரண்டு பிள்ளைகள். ஒவ்வொன்று பிறந்ததும் வரருசி, “வாய் இருக்கிறதா?” என்று கேட்பார். இருக்கிறது என்றால், வாய் கொடுத்தவன் சோறும் கொடுப்பான், விட்டுவிட்டு வா என்பார். அப்படிக் காட்டிலும் ஆற்றங்கரையிலும் விடப்பட்ட பிள்ளைகள் ஆளுக்கொரு சாதியில், ஆளுக்கொரு தொழிலில் வளர்ந்தார்கள். தச்சுவேலையில் பெருந்தச்சன், மலைமேல் கல்லை உருட்டி ஏற்றி மறுபடி தள்ளிவிட்டுச் சிரித்த நாராணத்துப் பிராந்தன், துணி வெளுத்த ரஜகன், உப்பு விற்ற முஸ்லிம் உப்புக்கூற்றன். வள்ளோன் என்று ஒருவர் உண்டு, அவர்தான் திருவள்ளுவர் என்பாரும் உண்டு. நம் ஊரில் ஆதி, பகவன் என்று சொல்லி ஔவையையும் வள்ளுவரையும் உடன்பிறப்பாக்கும் கதைக்கு இது மிக நெருங்கிய சொந்தம்.

“உப்புக்காரனும் உண்டா இதுல? எங்க இருக்கான்?” என்று சித்தப்பா சுவர் முழுக்கத் தேடினார். மலையாளம் பேசிய தன்னார்வலப் பிள்ளை ஒருத்தியைக் கூப்பிட்டு விசாரித்தார். அந்தப் பெண்ணும் பொறுமையாகக் கூடவே நின்று தேடினாள். உருவம் இன்னும் வரையப்படாத பகுதியில் வரக்கூடும் என்றாள். “அப்ப முடிஞ்சபொறவு வரணும்” என்றார் இவர், ஏதோ அடுத்த தெருவிலிருந்து வந்தவர்போல.

மதியம் மீன்சோறு. பிறகு கடற்கரைப் பக்கம். புனித பிரான்சிஸ் தேவாலயத்துக்குள் எட்டிப் பார்த்தோம். 1524இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் புதைத்த இடம் இது. 1539இல் எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். சித்தப்பா அங்கே நிற்கவில்லை. சீனவலைகள் கண்ணில் பட்டதும் அவர் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

சீனவலைகளைப் படத்தில் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிவிட்டது, ஆனால் கிட்டே போய் நின்றால்தான் அது எவ்வளவு பெரிய யோசனை என்று தெரியும். கரையில் ஊன்றிய சட்டத்தில் ஆடும் நீண்ட மரங்கள். ஒரு முனையில் நான்கு கைகள் விரித்தாற்போல் வளைந்த கழிகளில் வலை, மறுமுனையில் கயிறு கயிறாகத் தொங்கும் கருங்கற்கள். இரண்டு பக்கமும் எடை ஏறக்குறைய சமம். ஒரு ஆள் நடு மரத்தின்மேல் நடந்து முன்னே போனால் போதும், அவர் எடைக்கு வலை தண்ணீருக்குள் இறங்கிவிடும். கொஞ்ச நேரம் காத்திருந்து நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுத்தால், ஒவ்வொரு கல்லாகத் தரையில் வந்து உட்கார உட்கார, வலை மேலே எழும்பும். “நம்ம ஏத்தம்லா இது!” என்றார் சித்தப்பா. ஏற்றத்தில் தண்ணீர் இறைப்பவன் மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடப்பதைச் சின்ன வயதில் பார்த்தவர் அவர். கயிறு இழுக்கக் கூப்பிட்டார்கள். சட்டையின் கையை மடித்துக்கொண்டு போய்விட்டார். வந்தது கையகல மீன்கள் கொஞ்சமும், ஒரு கூடை ஆகாயத்தாமரையும்.

ஆகாயத்தாமரைதான் இப்போது இவர்களுக்குப் பெரிய தொல்லை. மழைக்காலத்தில் காயலில் நன்னீர் பெருகும்போது வேம்பநாட்டுக் காயலிலிருந்து பாய்பாயாக மிதந்து வந்து வலையைக் கிழிக்கும். உப்பு ஏறும் கோடையில்தான் அது சாகும். மரத்துக்கும் கயிற்றுக்கும் விலை ஏறியதால் பல வலைகளுக்கு இப்போது இரும்புக் குழாய்தான் சட்டம். சுற்றுலாப் படத்துக்கு மரம் வேண்டும் என்பது நம் ஆசை. இழுக்கிறவருக்கு எது கட்டுப்படியாகிறதோ அதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

மாலை ஆட்டோ பிடித்து ‘வெளி’ என்ற இடத்து மைதானத்துப் பக்கம் போனோம். அங்கே வண்ணார் சங்கம் நடத்தும் தோபி கானா இருக்கிறது. டச்சுக்காரர்கள் கொச்சியை ஆண்ட காலத்தில், சிப்பாய்களின் உடை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்த வண்ணார்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே தொழில் செய்கிறார்கள். பினாலே வரைபடத்தில் அந்த இடத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் அன்று பார்த்த எந்தக் கூடத்துக்கும் அது குறைந்ததாகவும் தோன்றவில்லை.

வரிசையாகத் துவைகல் தொட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்கு. பின்னால் பெரிய வெட்டவெளியில் கொடிகள். அந்தக் கொடியைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். துணியின் நுனியை அந்த முறுக்குக்கு நடுவில் செருகிவிட்டால் காற்று எவ்வளவு அடித்தாலும் விழாது. கிளிப் கிடையாது. துணியில் தழும்பும் கிடையாது. அரிசிக் கஞ்சியில் முக்கிய வெள்ளைச் சேலைகள் வெயிலில் விறைத்து நின்றன. கொட்டகைக்குள் கரிப்பெட்டி இஸ்திரி. எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, அந்தக் கனத்த பெட்டியை ஒரு கையால் தள்ளி மறுகையால் மடிப்பை முன்னே முன்னே நீவிக்கொண்டு போனார். சேலையின் ஓரம் ஒரே நேர்கோட்டில் விழுந்தது. காலையில் பார்த்த தூரிகையும் இப்படித்தான் போனது.

சித்தப்பா தமிழில் பேச்சுக் கொடுத்தார். “நீங்க எந்த ஊருக்காரங்க ஆச்சி?”

“ஈ ஊருதான். எங்க தாத்தாக்கு தாத்தா திருநெல்வேலிப் பக்கம்னு பறயும். ஊர்ப்பேரு ஆருக்கும் தெரியாது.” தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வந்தன. வீட்டில் தமிழ்தான் என்றார். பேரன் பேத்திகள் யாரும் இந்த வேலைக்கு வரவில்லை, படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், அதுதான் நல்லது என்றார். வாஷிங் மெஷின் வந்த பிறகும் ஹோட்டல், ஆஸ்பத்திரித் துணிகள் வருவதால் ஓடுகிறதாம். சொல்லும்போது கை நிற்கவே இல்லை. கிளம்பும்போது சித்தப்பாவின் கசங்கிய வேட்டியைப் பார்த்துவிட்டு, “கடல்வெள்ளம் பட்டுதா? உப்பு பிடிச்சிருக்கு, நல்ல தண்ணில அலசிடுங்க” என்றார். காலையில் பதிந்த உப்புக்கோட்டைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டார்.

பறயி பெற்ற பன்னிரண்டில் ரஜகன் ஒருவன் என்று முன்பே சொன்னேன். அந்தச் சுவர் ஓர் இடத்திலும் இந்தக் கொட்டகை ஓர் இடத்திலுமாக இருக்க, இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் கதை முழுசாகிறது. கொச்சிக்குப் போகிறவர்களிடம் இதை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன். கண்காட்சியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். வலை இழுக்கும் இடத்தில் ஒரு மணிநேரம், வெளுக்கும் இடத்தில் ஒரு மணிநேரம் நில்லுங்கள். யாரையும் கேட்காமல் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். அவர்கள் அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

இப்போது எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு வாட்டர் மெட்ரோ போகிறது. சொகுசாக இருக்கிறது என்கிறார்கள். அன்று நாங்கள் திரும்பியது பழைய படகில், நின்றுகொண்டே.

இரவு ரயிலுக்கு நேரம் இருந்தது. ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலில் தோசை சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா தானாகவே ஆரம்பித்தார். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தை ஒட்டி அவர் வேலை பார்த்த கிட்டங்கி பூட்டிக் கிடக்கிறதாம். அதைப்போல இன்னும் சில உண்டாம். ஒவ்வொன்றாக இடித்து வணிக வளாகம் ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்ட கரை அது. 1974இல் புதுத் துறைமுகம் வந்த பிறகு பெருஞ்சரக்கு அங்கே போய்விட, பழைய பக்கம் தோணிகளுக்கென்று ஆகிவிட்டது. நாகப்பட்டினத்திலும் பாம்பனிலும் ராயபுரத்திலும் இப்படிப்பட்ட காலிக் கட்டடங்களை நானே பார்த்திருக்கிறேன். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. கொச்சியால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது என்ற கேள்வி எனக்கு ஆதங்கமாகத்தான் வருகிறது. நம்மிடம் கலைஞர்களுக்குப் பஞ்சமா? 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் சகாக்களும் கடலோரத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தங்கள் கைக்காசில் கட்டி எழுப்பிய மாநிலம் இது.

சித்தப்பாவுக்கு ஆதங்கமெல்லாம் இல்லை. பில்லைத் திருப்பிப்போட்டு, என் பேனாவை வாங்கி, கிட்டங்கியின் படத்தைப் போட்டார். எந்தப் பக்கம் கடல், எந்தப் பக்கம் தெரு, எங்கே தராசு, எங்கே கணக்கப்பிள்ளை மேசை. “இங்கன தோணிக்காரன் பேரெல்லாம் எழுதணும். போயி வராதவன் பேரு. பழைய பேரேடு எவன்கிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

“கடல்தண்ணி விட்டுரலாமா சித்தப்பா, இன்னிக்குப் பாத்த மாதிரி?”

“அது அவன் செஞ்சது. நமக்கு உப்பு போதும். தரை பூரா உப்பக் கொட்டி, செருப்பக் கழட்டிட்டு நடக்கச் சொல்லு. உப்பளத்துல காலு வெட்டுப்பட்டவனுக்கு எப்படி எரியும்னு நடந்து பாத்தாத்தான் தெரியும்.”

“யாரு சித்தப்பா வந்து பாப்பா?”

“மொதல்ல உப்பளத்துக்காரிய வருவா. அவளுகளுக்குச் சீட்டுப் போடக் கூடாது. அதை இப்பவே எழுதி வச்சுக்க.”

எழுதி வைத்துக்கொண்டேன். வாசலைத் தெருப்பக்கம் வைப்பதா, கடல்பக்கம் வைப்பதா என்பதில்தான் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. கடல்பக்கம் என்றேன் நான். பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறவள் சுற்றிக்கொண்டு வருவாளா என்றார் அவர். ரயில் திருச்சூரைத் தாண்டும் வரை அந்த வாக்குவாதம் ஓடியது.